கறுப்புத் துணி போர்த்திய வீட்டுக்காரர்

ஞாயிற்றுக்கிழமை பூசையில் எனக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த அம்மாள் பீடத்தைப் பார்க்கவில்லை. என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள். "இன்னா ரோசி, நகமெல்லாம் இப்படிக் கறுத்துக் கீது? மருதாணி கெட்டுப்போச்சா?"

மருதாணி இல்லை. போட்டோ மருந்து. தோலில் பட்டால் கொஞ்ச நாளில் போய்விடும். நகத்தில் இறங்கினால்? நகம் வளர்ந்து வெட்டுகிற வரைக்கும் கூடவே இருக்கும்.

"படம் கழுவறது உன் வூட்டுக்காரரு வேலையாச்சே?" என்றாள்.

ஆமாம்... அவர் வேலைதான். ஆனால் இந்த ஒரு படத்தை மட்டும் அவர் கழுவக் கூடாது என்று ஆகிவிட்டது. அந்தக் கதையைச் சர்ச் வாசலில் நின்று சொல்லி முடியாது. இங்கே சொல்கிறேன்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு எங்களைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு — மயிலாப்பூரில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சேர்த்து ஒரு போட்டோ ஸ்டூடியோ. அவர் ஊர் ஊராகப் போய்க் கோபுரம், மலை, அருவி எடுப்பார். மாம்பலம் பக்கம் தியாகராய நகர் என்று புதிதாக எழும்புகிறதே, அங்கே கிருகப்பிரவேசம் ஆகிற வீடுகளையும் விடமாட்டார். பெண்கள், குழந்தைகள் படம் என் பொறுப்பு. இது தவிர, யாரும் கேட்காமல் எங்களுக்காக நாங்களே எடுத்துக்கொள்பவை சில உண்டு. சாந்தோம் கடற்கரையில் காய்கிற வலை, அடையாறு முகத்துவாரத்தில் ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கு, மத்தியானத் தூக்கத்தில் வாயைப் பிளந்திருக்கிற என் வீட்டுக்காரர்... கடைசியாகச் சொன்னதை அவர் இன்னும் பார்க்கவில்லை.

இந்தச் சித்திரை வெயிலில் ஒரு நாள், திருவல்லிக்கேணியில் அத்தர் கடை வைத்திருக்கிற கரீம் எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

அவருடைய அண்ணன் யூசுப் ரங்கூனில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறாராம். போய் மூன்று வருஷம் ஆகிறது. இப்போது அங்கே ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்று செய்தி. சனிக்கிழமை கப்பலில் கரீம் புறப்படுகிறார்.

"அண்ணன் தன் பொண்ணைப் பாத்ததே இல்லம்மா. அது வயித்துல இருக்கும்போது போனவரு. அண்ணியும் புள்ளையும் சேந்தாப்பல ஒரு போட்டோ கொண்டுபோய் கையில குடுத்தேன்னா..."

அதோடு நிறுத்திக்கொண்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் கேமராப் பெட்டியோடு ஜட்கா வண்டியில் போனேன். கோஷா வீடு; வெளி ஆண்கள் முன்னால் பெண்கள் முகம் காட்டமாட்டார்கள். ஆண்கள் எல்லோரும் கடைக்குப் போய்விட்டார்கள். முற்றத்தின் குறுக்கே வெள்ளை வேட்டியைக் கட்டி வெளிச்சத்தைச் சரிசெய்தேன். மெஹருன்னிசா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். குழந்தை ஜமீலா என் தலையையும் கேமராவையும் மூடியிருந்த கறுப்புத் துணியைப் பார்த்து ஒரு சத்தம் போட்டது பாருங்கள்... அதைச் சமாதானப்படுத்தி, இரண்டு கண்ணாடித் தகட்டில் இரண்டு படம் எடுத்தேன்.

நான் பெட்டியைக் கட்டும்போது மெஹருன்னிசா கிட்டே வந்தாள்.

"ஆபா, ஒண்ணு சொல்லணும்." ஆபா என்றால் அவர்கள் பாஷையில் அக்கா. "என் மூஞ்சி இந்தப் புள்ளையோட அத்தா ஒருத்தர் கண்ணுக்குத்தான் போகணும். வேற ஆம்பளை யாரும் பாக்கக் கூடாது. கரீம்கிட்டகூட துணியில தெச்சுத்தான் குடுப்பேன்."

"சரிம்மா."

"உங்க வூட்டுக்காரரும் பாக்கக் கூடாது, ஆபா."

நான் உடனே தலையாட்டிவிட்டேன். "நானே கழுவி, நானே பிரிண்ட் போட்டுத் தர்றேன்."

ஜட்கா மெரினா பக்கம் திரும்பிக் காற்று முகத்தில் அடித்தபோதுதான் உறைத்தது. என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்? மார்கழி மாதத்தில், அவர் பக்கத்தில் நின்று கைகாட்ட, நாலைந்து தகடு கழுவியிருக்கிறேன். அவ்வளவுதான் என் அனுபவம். இது சித்திரை. கண்ணாடித் தகட்டின் மேல் படம் பதிகிற பூச்சு பாலாடை மாதிரி. தண்ணீர் கொஞ்சம் சூடாக இருந்தால் போதும், வழுக்கிக்கொண்டு வந்துவிடும். தகட்டில் வெறும் கண்ணாடிதான் மிஞ்சும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"விடிகாலையில ஆரம்பி. அப்பதான் தண்ணி கொஞ்சம் ஆறியிருக்கும். நான் ஐஸ் வாங்கி வெக்கிறேன். கதவுக்கு வெளியவே உக்காந்துக்கிறேன், ஒவ்வொண்ணா சொல்றேன். போதுமா?"

"நாளைக்கு நீங்க கால்வாய்ப் படகுல மாமல்லபுரம் போகணுமே?"

"படகு எங்க போவுது? கால்வாய் அங்கியேதான் கீது."

வெள்ளிக்கிழமை விடிகிற நேரம் இருட்டறைக்குள் போனேன். கொல்லைப்பக்கத்துச் சின்ன அறை. ஜன்னல் கிடையாது. கதவுக்கு உள்ளே இரட்டைத் திரை. சிவப்புக் கண்ணாடி போட்ட விளக்கு ஒன்று மட்டும். உள்ளே போய்த் திரையை இழுத்ததும் வேர்வை ஊற்ற ஆரம்பித்தது.

முதல் தகட்டை மருந்தில் போட்டேன். தட்டை மெதுவாக ஆட்டினேன். கொஞ்ச நேரத்தில் உருவம் எழுந்தது. மனசுக்குள் ஒரு துள்ளல்... அப்பாடா!

"வந்துச்சா?" வெளியேயிருந்து அவர் குரல்.

"வந்துருச்சு!"

"தண்ணியில அலசு. மெதுவா. அப்புறம் அடுத்த தட்டு மருந்துல போடு."

அலசினேன். தகட்டின் ஓரத்தில் ஒரு சுருக்கம் தெரிந்தது. விரலை வைத்தேன். சுருக்கம் நகர்ந்தது. அவ்வளவுதான். என் கண்ணெதிரே அம்மாவும் குழந்தையும் ஒன்றாக மடிந்து, வழுக்கி, தண்ணீரில் மிதந்தார்கள். கையில் சுத்தமான கண்ணாடி.

"இன்னா ரோசி, சத்தத்தையே காணோம்?"

"போச்சுங்க. ஒண்ணு போச்சு."

வெளியே ஒரு பெருமூச்சு. "இன்னொண்ணு கீதே. ஐஸ் எவ்ளோ பாக்கி?"

பாத்திரத்தில் கையை விட்டுப் பார்த்தேன். ஐஸ் எங்கே? நெல்லிக்காய் அளவு ஒரு துண்டு. தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருந்தது.

மறுபடி எடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எப்படி? வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே கரீமை வழியனுப்ப அந்த வீடு முழுக்க உறவுக்காரர்கள் வந்துவிடுவார்கள். முற்றத்தில் ஒரு பெண் முகத்தைக் காட்டி உட்காருவது ஆகாத காரியம். தகடு காயவேண்டும். வெயில் இருக்கும்போதே பிரிண்ட் போடவேண்டும். மறுநாள் காலையில் கப்பல். எனக்கு இருந்தது அந்த ஒரு தகடுதான்.

"படிகாரத் தண்ணி கரைச்சு வெச்சிருக்கேன்," என்றார் அவர். "அதுல போட்டா பூச்சு கெட்டியாவும். மேல் பலகையில, பின் வரிசையில கீது, பாரு."

பார்த்தேன். சிவப்பு வெளிச்சத்தில் எல்லாப் புட்டியும் ஒரே நிறம். வாயைத் திறந்து முகர்ந்தால் எல்லாம் ஒரே நெடி. இதற்குள் இரண்டாவது தகட்டை மருந்தில் போட்டுவிட்டேன்; காத்திருந்தால் இருக்கிற கொஞ்சம் ஐஸும் போய்விடுமே என்ற பதற்றம். உருவம் எழுகிறது. மூலையில் அதே சுருக்கமும் எழுகிறது!

"என்னங்க... ஓரம் தூக்குதுங்க!"

"கதவைத் தொற. நான் வரேன்."

"வேணாம்!"

"ரோசி, அது நெகட்டிவ். வெள்ளை கறுப்பா, கறுப்பு வெள்ளையா, பேய் மாதிரித் தெரியும். அதுல யாரு மூஞ்சி யாருக்குத் தெரியப்போவுது?"

நியாயமான பேச்சுதான். இன்னொரு சமயமாக இருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன்.

"அந்தப் பொண்ணு நெகட்டிவ்னு சொல்லலீங்க. உங்க கண்ணுன்னு சொல்லுச்சு."

வெளியே சத்தமே இல்லை. போய்விட்டாரோ? கோபமோ? ஒரு பக்கம் தகடு, ஒரு பக்கம் கதவு. மாதாவே என்று முணுமுணுத்தேன்.

பிறகு கதவுக்கு மிக அருகில் அவர் குரல். என்னவோ மூட்டைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது.

"தட்டு மேல பலகையை மூடு. நான் உள்ள வரேன். ஒண்ணும் தெரியாது எனக்கு. பயப்படாத."

பலகையை மூடினேன். கதவு திறந்து சாத்தியது. திரை விலகியது. கேமராவின் கறுப்புத் துணியைத் தலையிலிருந்து இடுப்பு வரை போர்த்திக்கொண்டு, கழுத்தில் கயிறு கட்டிக்கொண்டு, வெளியே உமியில் புதைத்து வைத்திருந்த மிச்ச ஐஸ் கட்டியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார் என் வீட்டுக்காரர்!

சிரிக்க நேரமில்லை. அவர் கையைப் பிடித்துப் புட்டிப் பலகையருகே விட்டேன். விரல்கள் புட்டிகளின் மேல் நடந்து போயின. ஒன்றை எடுத்தார். புட்டியின் கழுத்தைத் தடவினார். வைத்தார். அடுத்ததை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதான். ஊத்து."

ஊற்றினேன். ஐஸைச் சுற்றிலும் வைத்துக் குளிரவிட்டேன். தகட்டை அதில் இறக்கினேன். அவர் சுட்டுவிரலைப் பிடித்து மூலையில் மட்டும் வைத்தேன்.

"ஓரம் வழுக்குது," என்றார் துணிக்குள்ளிருந்து. "உள்ளாற கெட்டியாத்தான் கீது. ஆட்டாத. அப்படியே வுடு."

விட்டோம். அந்தப் புழுக்கத்தில், அந்தக் கம்பளி மாதிரித் துணிக்குள் அவர் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. கழுத்துக் கயிற்றடியில் வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு முறைகூடத் துணியை விலக்கவில்லை.

"இப்ப தொட்டுப் பாக்கட்டா?"

தொட்டார். விரலை எடுத்தார். மறுபடி தொட்டார்.

"பொழைச்சுக்குச்சு, ரோசி."

நான் அழுதுவிட்டேன். அது அவருக்குத் தெரிந்திருக்காது, அல்லது தெரிந்திருக்கும்.

சாயந்திரம் பிரிண்டைக் கொண்டுபோய் மெஹருன்னிசாவிடம் கொடுத்தேன். வலது மூலையில், அவள் தோள் பக்கம், பூச்சு சுருங்கி ஒரு கோடு விழுந்திருந்தது. அதைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று பயந்துகொண்டே நின்றேன். அவள் கோட்டைப் பார்க்கவேயில்லை.

"ஆபா, நான் இவ்ளோ இளைச்சிட்டேனா?"

நான் படத்தை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"இதைப் பாத்தா அவருக்கு மனசு ஒடிஞ்சிடுமே. கன்னத்தைக் கொஞ்சம் பூசினாப்பல பண்ண முடியுமா?"

பென்சிலால் தகட்டில் திருத்தலாம். என் வீட்டுக்காரர் அந்த வேலையில் கெட்டிக்காரர். ஆனால் பார்க்காமல் எப்படித் திருத்துவார்? நேரமும் இல்லை. அப்படியே சொன்னேன்.

அவள் படத்தை மடியில் வைத்து, தன் கன்னத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "போவட்டும். அவரும் இளைச்சுத்தான் இருப்பாரு," என்றாள். அப்போதே ஊசியும் நூலும் எடுத்துத் துணியில் வைத்துத் தைக்க ஆரம்பித்தாள்.

அதற்கப்புறம் வந்த நாட்களைப் பற்றி என்ன சொல்ல? கடலில் காற்று எழுந்தால் கடற்கரைக்குப் போய் அலையைப் பார்த்துவிட்டு வந்தேன். கப்பல் போய்ச் சேர்ந்ததா? படம் போய்ச் சேரும்போது பார்ப்பதற்கு ஆள் இருந்தாரா? வாசலில் தபால்காரர் போனாலே எழுந்து நின்றேன், எனக்கு வரவேண்டிய செய்தியா அது? என் வீட்டுக்காரர் அடுத்த படகில் மாமல்லபுரம் போனார். கல் யானையையும் கல் சிங்கத்தையும் எடுத்துக்கொண்டு வந்தவர், பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே, "ரங்கூன் சேதி ஏதாச்சும் வந்துச்சா?" என்றுதான் கேட்டார்.

போன வாரம் வந்தது. செய்தி இல்லை, ஆளே வந்தார். கரீம் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு அழைத்து வந்தார். யூசுப் எலும்பும் தோலுமாக இருந்தார். ஆனால் நடந்து வந்தார்! பின்னாலேயே திரை கட்டிய ஜட்காவில் மெஹருன்னிசாவும் குழந்தையும்.

"வார்டுல எல்லாரும் காட்டு காட்டுன்னாங்கம்மா," என்றார் யூசுப். "தலகாணிக்கு அடியிலயே வெச்சிருந்தேன். ஒருத்தருக்கும் காட்டல."

எனக்குச் சந்தோஷம் தாளவில்லை. ஜட்காவிலிருந்து ஜமீலாவை இறக்கி, "அத்தாகிட்டப் போ," என்றேன்.

குழந்தை அவரை ஒரு பார்வை பார்த்தது. என் புடவைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. "யாரு அது?" என்று அழுதது.

வீட்டுக்கு வந்ததிலிருந்து இப்படித்தானாம். கிட்டே போனால் அலறுகிறதாம். யூசுப் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மகள் முகத்தை அப்பாவுக்கு அனுப்ப அத்தனை பாடுபட்டோமே... அப்பா முகத்தை மகளுக்குக் காட்டவேண்டும் என்று எங்களில் ஒருவருக்காவது தோன்றியதா? அந்த வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. முகங்களை வைத்தே பிழைப்பு நடத்துகிற எனக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கே அப்பாவையும் மகளையும் பெஞ்சில் உட்கார வைத்தோம். அவர் ஒரு கோடியில். மெஹருன்னிசா ஜட்காத் திரைக்குள்ளிருந்து கொடுத்தனுப்பிய ஆரஞ்சு மிட்டாயைப் பிடித்துக்கொண்டு, ஜமீலா மறு கோடியில். நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக உட்காரலாம். என் வீட்டுக்காரர் குழந்தையைத் தூக்கி அவர் பக்கத்தில் நகர்த்தப் போனார். நான் வேண்டாம் என்று தடுத்து, அந்த இடைவெளியோடு அப்படியே எடுத்தேன்.

அடுத்த மாதமும் வரச் சொல்லியிருக்கிறேன், அதற்கு அடுத்த மாதமும் — அந்த பெஞ்சில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று பார்க்கத்தான்.