சர்வேயரம்மாவின் இடதுகை மட்டை

திண்டுக்கல் வட்டாரத்து லாரிப் பட்டறைகளில் அறிவுச்செல்வியைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. சர்வேயரம்மா என்றுதான் சொல்வார்கள். விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, அடி நிஜம்தானா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை கொடுப்பது அவள் வேலை. நேற்று சாயங்காலம்தான் புளியமரத்தில் மோதிவிட்டது என்று வண்டிக்காரர் அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். அவள் குனிந்து, நசுங்கிய தகரத்தின் மடிப்பை நகத்தால் சுரண்டுவாள்.

"நேத்து மோதுன வண்டிக்குள்ள இம்புட்டு துரு எப்படிங்க வந்துச்சு?"

வண்டிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

இத்தனை வருஷத்தில் அந்தச் சந்தேகம் வீட்டுக்குள்ளும் வந்து குடியேறிவிட்டது. காய்கறிக்காரரின் தராசு, பெட்ரோல் பங்க் மீட்டர், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வரும் சொந்தக்காரர்களின் அதீத அன்பு எல்லாவற்றையும் அவள் ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பாள். "இவளை ஏமாத்தணும்னா இவளே மனசு வச்சாத்தான் உண்டு" என்று கணவர் முத்துக்கிருஷ்ணன் சிரிப்பார். அவர் பாலிடெக்னிக்கில் வாத்தியார். யாரையும் உடனே நம்பிவிடுகிற மனிதர்.

கோல்ஃப் அவளுக்கு கோயம்புத்தூரில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்டது. அங்கிருந்த பெண் மேலாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு அழைத்துப் போனார். சும்மா வேடிக்கை பார்க்கப் போனவள், அன்றே ஒரு பந்தை அடித்துப் பார்த்தாள். பந்து எங்கே போய் விழுந்ததோ அங்கிருந்துதான் அடுத்த அடி. யாரிடமும் போய்ச் சாக்குச் சொல்ல முடியாது, யாரும் வந்து கதை அளக்கவும் முடியாது. அது அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

ஆனால் மட்டை கிடைப்பது கஷ்டமாக இருந்தது. அவள் இடதுகைக்காரி. உயரமும் அதிகம், ஆண்கள் கூட்டத்தில் நின்றாலும் தலை தெரியும். பெண்களுக்கென்று வரும் மட்டைகள் அவள் கைக்குக் குட்டையாக இருந்தன, அதுவும் எல்லாமே வலதுகைக்கு. கடைசியில், வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த இடதுகைக்காரர் ஒருவர் புதிதாக வாங்கிப் பிரிக்காமலே வைத்திருந்த செட் ஒன்று கிடைத்தது. அதை வைத்துத்தான் இத்தனை நாளும் ஆடினாள். திண்டுக்கல்லுக்குத் திரும்பி வந்த பிறகு மாதம் ஒருமுறை வத்தலகுண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறுவாள். மற்ற ஞாயிறுகளில் சேவுகம்பட்டியில் தம்பியின் தரிசில் பயிற்சி. அவள் அடிக்கிற பந்து நேரே கிளம்பி, கொஞ்ச தூரம் போனதும் இடதுபக்கம் ஒதுங்கி, பக்கத்துத் தென்னந்தோப்புக்குள் போய் விழும். தேங்காய் பொறுக்க வருகிறவர்கள் பந்தையும் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள்.

பிடியின் ரப்பர் தேய்ந்து கையை வழுக்க ஆரம்பித்ததும், புதுச் செட்டே வாங்கிவிடுவது என்று முடிவு செய்தாள். ஊரில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் மீரானிடம் போனாள். அலுவலகத்துக்கு ஷட்டில் மட்டையும் கேரம் போர்டும் வாங்கிப் பழகிய கடை.

"ரெடிமேட் செட்டு மெட்ராஸ்ல இருக்கும்மா. இடதுகைன்னு சொல்லி வரவச்சுத் தாரேன்" என்றார் மீரான்.

"அளவெடுத்துச் செஞ்சு தர்றாங்களாமே?"

மீரானின் முகம் மாறியது. "ஜாக்கெட்டாம்மா அது, அளவெடுத்துத் தைக்க? அம்புட்டும் ஏமாத்து வேலை. கம்பெனிக்காரன் ஆயிரம் பேர வச்சுப் பாத்துத்தான் ஒரு நீளம் வச்சிருக்கான்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அவர் முகம் ஏன் அப்படி மாறியது என்பதுதான் அவளுக்கு உறுத்தியது. சாதாரணக் கேள்விக்கு அத்தனை கோபம் எதற்கு?

அடுத்த வாரமே வத்தலகுண்டு சாலையில் ஒரு விடுதியின் புல்வெளியில் மட்டைக்கு அளவெடுக்கும் முகாம் நடக்கிறது என்று தெரிந்து போனாள். பெங்களூரில் பயிற்சி எடுத்துத் தனியாகத் தொழில் செய்யும் ரிஃபாத் என்கிற இளைஞர் கூடாரம் போட்டிருந்தார். அவளை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, மணிக்கட்டிலிருந்து தரைவரை அளந்தார். அவள் கொண்டுவந்த பழைய மட்டையின் தலைக்கு அடியில் ஒரு பட்டையை ஒட்டி, பலகைமேல் நின்று அடிக்கச் சொன்னார். பட்டையில் கீறல் எங்கே விழுகிறது என்று பார்த்தார். பிறகு பந்துக்குப் பின்னால், அதன் போக்கை அளக்கிற ஒரு பெட்டியை வைத்தார். அவள் அடிக்க அடிக்க, திரையில் எண்களும் வளைந்த கோடுகளும் ஓடின.

"மேடம், உங்க உயரத்துக்கு இந்த மட்டை குட்டை. தலை படுத்து இருக்கு. தலையோட நுனி தரையில இடிச்சு, பந்த அடிக்கிற முகம் தொறந்துக்குது, அதான் பந்து இடப்பக்கம் போகுது. செத்த நீளமா, தலைய நிமித்தி வச்சா நேராப் போகும். தூரமும் நல்லா கூடும்."

அறிவுச்செல்வி திரையைப் பார்த்தாள். மட்டை மட்டும்தான் அவளுடையது. பட்டையும் பெட்டியும் அவருடையவை. எண்ணைக் காட்டுகிறவரே மட்டையையும் விற்கிறார். பட்டறைக்காரரே தன் செலவுக்கு மதிப்பீடு எழுதிக்கொண்டு வந்தால் அவள் என்ன செய்வாளோ, அதையே செய்தாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

இரண்டொரு நாள் கழித்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு டீக்கடையில் மீரானும் ரிஃபாத்தும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு நின்று பார்த்தாள். மீரான் தணிந்த குரலில் ஏதோ சொல்ல, ரிஃபாத் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. ஒருவர் அளவெடுப்பதைத் திட்டுவது, கேட்கிறவருக்கு ஆசையைக் கிளப்பிவிட. மற்றவர் அளவெடுத்து விற்பது. லாபம் இரண்டு பேருக்கும். எதிரும் புதிருமாக நின்று ஒரே ஆளை வளைப்பதை அவள் எத்தனை பட்டறையில் பார்த்திருக்கிறாள்!

மறுநாள் காலை மீரானின் கடைக்குள் நுழைந்தபோது ரிஃபாத்தும் அங்கேதான் இருந்தார்.

"ரெண்டு பேரும் கூட்டுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே பாய். நானும் நேரத்த வீணாக்கியிருக்க மாட்டேன்" என்றாள்.

மீரான் எழுந்தே விட்டார். "கூட்டா? இவன் என் தங்கச்சி மகன்மா! கடையில உக்காருடான்னா, குச்சிக்கு அளவெடுக்கப் போறேன்னு பெங்களூரு ஓடுனான். இவன்கூடப் பேச்சுவார்த்தையே விட்டுப்போச்சு. தங்கச்சி அழுதாளேன்னுதான் நேத்துக் கூப்ட்டு உக்கார வச்சுப் புத்தி சொன்னேன்."

ரிஃபாத்தின் முகம் சிவந்திருந்தது. "மேடம், மாமா என்னைய என்ன வேணா சொல்லலாம். நீங்க என்னத் திருடன்னு சொல்லக் கூடாது." அவர் பையிலிருந்து நீளமான இடதுகை மட்டை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "எடுத்துட்டுப் போங்க. எங்க வேணா அடிச்சுப் பாருங்க. நான் பக்கத்துலயே வரல."

மீரானும் விடவில்லை. மாதிரிக்கென்று சென்னையிலிருந்து வந்திருந்த ரெடிமேட் இடதுகை மட்டையை உறையோடு நீட்டினார். "இதையும் அடிச்சுப் பாருங்க."

இரண்டையும் வாங்கிக்கொண்டு கிளம்பினாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இத்தனை சுலபமாக ஏன் தூக்கிக் கொடுக்கிறார்கள் என்றுதான் வழிநெடுக யோசித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சேவுகம்பட்டித் தரிசில் முத்துக்கிருஷ்ணனைத் தூரத்தில் நிறுத்தினாள். எந்த மட்டையால் அடிக்கிறாள் என்று அவருக்குத் தெரியக் கூடாது. பந்து விழுகிற இடத்தில் ஓர் ஈர்க்குச்சியை நட்டு வைப்பது மட்டும் அவர் வேலை. தன் பழையதையும் சேர்த்து மூன்று மட்டைகளையும் வரிசை இல்லாமல் மாற்றி மாற்றி அடித்து, எது எந்த மட்டை என்று உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டாள். வெயில் ஏறும்வரை அடித்தாள்.

ரெடிமேட் மட்டையின் பந்துகள் பழைய மட்டையைப் போலவே தென்னந்தோப்புப் பக்கம் ஒதுங்கியிருந்தன. ரிஃபாத்தின் மட்டை அடித்தவை ஏறக்குறைய நடுவில் கிடந்தன. ஆனால் தூரம் கூடவே இல்லை. மூன்றும் ஒரே தூரம்.

"நேரா போகுதுல்ல, அப்புறம் என்ன செல்வி?" என்றார் முத்துக்கிருஷ்ணன்.

"உங்களுக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியுமே, எது எந்த மட்டைன்னு. மனசு எதையோ நம்பி, கை அதுக்குத் தோதா அடிச்சிருந்தா?"

அவர் அவளையே பார்த்தார். "உன்னையே நம்பமாட்டியா நீ?"

மற்றவர்கள்மேல் இருந்த சந்தேகம் தன்மேலேயே திரும்பியதும் அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. பம்புசெட் தொட்டியில் மட்டைகளைக் கழுவ உட்கார்ந்தாள். பழைய மட்டைகளில் ஒன்றைத் தேய்த்துக் கழுவித் திருப்பியபோது கை நின்றது. தலையின் அடிப்பாகத்தில் நுனிப்பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. தண்டு சேருகிற பக்கத்து ஓரத்தில் கம்பெனி போட்ட மெருகு அப்படியே இருந்தது. அடுத்ததை எடுத்தாள். அதிலும் அப்படித்தான். பையிலிருந்த இரும்பு மட்டைகள் எல்லாவற்றிலும் அதே இடத்தில் தேய்மானம்.

ரிஃபாத் யாரென்றே தெரியாத காலத்திலிருந்து, அவள் கையாலேயே, அடி அடியாக விழுந்த தேய்மானம் அது. யாரும் வந்து போட்டுவைக்க முடியாது. ஈரக்கையோடு அந்த இரும்பைத் தடவிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தேய்ந்த இடத்தைப் பார்த்து ஊரார் பொய்யைக் கண்டுபிடிக்கிறவள், தன் பைக்குள் இருந்ததை ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

மறுநாள் ரிஃபாத்தைத் தேடி அவர் கூடாரத்துக்குப் போனாள். அவர் உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே பேசினாள்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு தம்பி. மனசுல வச்சுக்காதீங்க. பந்து ஒதுங்குறதுக்கு நீங்க சொன்ன காரணம் சரி. ஆனா தூரம் கூடும்னு சொன்னீங்களே, அது கூடல."

ரிஃபாத் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "சில பேருக்குக் கூடும் மேடம். உங்களுக்குக் கூடும்னு நான் சொல்லியிருக்கக் கூடாது. விக்கணும்ங்கிற அவசரத்துல சொல்லிட்டேன்."

அந்தப் பதிலுக்குப் பிறகுதான் அவள் ஆர்டர் கொடுத்தாள். அதுவும் இரும்பு மட்டைகளுக்கு மட்டும். நெடுந்தூரம் அடிக்கிற பெரிய மட்டையும், பந்தைக் குழிக்குள் தள்ளுகிற மட்டையும் பழையவையே போதும் என்றாள். அவையும் அளவில்லாதவை என்று ரிஃபாத் இழுத்தார். அவள் பார்த்த பார்வையில் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

மட்டைகள் வந்து சேர்ந்த அன்று டேப்பை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தாள். ஒன்று சொன்ன அளவைவிட அரை விரல்கடை குட்டையாக இருந்தது. போனில் சொன்னாள். ரிஃபாத் தானே வந்து அளந்து பார்த்துவிட்டு, "ஆமா மேடம், குட்டைதான்" என்று எடுத்துப் போய் வேறொன்று கொண்டுவந்தார்.

கொடைக்கானலில் முதல்முறை அடித்தபோது பந்து நேரே போனது. அடுத்தது மூடுபனிக்குள் இடப்பக்கம் ஒதுங்கியது. மட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. தான் அவசரப்பட்டுத் தோளைத் திருப்பியது அவளுக்கே தெரிந்திருந்தது. இனிமேல் மட்டையைக் குற்றம் சொல்ல வழியில்லை என்பது அவளுக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

சில வாரம் கழித்து மீரான் அவளைக் கடைக்கு வரச் சொன்னார். ரிஃபாத்தைப் பக்கத்துத் தெருவுக்கு டீ வாங்க அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"கடையில ஒரு ஓரத்துல இவனுக்கு இடம் குடுன்னு தங்கச்சி கேக்குறா. மத்தவங்க எங்கிட்ட நல்லதுதான் சொல்லுவாங்க. நீங்க அப்படி இல்ல. நீங்க சொல்லுங்கம்மா, இவன நம்பலாமா?"

அந்த வார்த்தையைச் சொல்லி அறிவுச்செல்விக்குப் பழக்கம் இல்லை.

"விக்கிற ஆசையில கூடச் சொல்லுவார் பாய். அதக் கொஞ்சம் பாத்துக்கணும். ஆனா தப்பக் காட்டுனா ஒத்துக்கிறார், மறுபேச்சு இல்ல. நான் பாக்குற ஆளுங்கள்ல அது ரொம்பக் கம்மி." வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "நம்பலாம்."

மீரான் எழுந்து, பின்மூலையில் அடுக்கியிருந்த கேரம் போர்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தத் தொடங்கினார். அறிவுச்செல்வியும் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தாள். பிறகு நிமிர்ந்து, மூலைச் சுவரில் கூரையிலிருந்து இறங்கியிருந்த பழுப்புக் கறையைக் கண்டு கண்ணைச் சுருக்கினாள்.

"இங்க மழைக்கு ஒழுகுமே பாய். அது தெரிஞ்சுதான இந்த மூலையக் குடுக்கிறீங்க?"