பதினோரு வெள்ளிக்கிழமை

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குப் பன்னிரண்டு வயதில்தான் வந்தது. இது நடந்தபோது எனக்கு ஏழு வயது. எழுத்தில் சான்று இல்லாததால், உறுதியாக நினைவிருப்பதை மட்டும் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் பொத்தோங் பாசிர் காய்கறித் தோட்டத்துச் சீனக் குடும்பம் ஒன்றில் ஆறாவது பெண்ணாகப் பிறந்தேன். இருபத்தெட்டாம் நாள் என்னை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டுவந்து, தேக்காவில் பிள்ளையில்லாமல் இருந்த அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். துண்டோடு காகிதம் எதுவும் கொடுக்கவில்லை. அன்று முதல் நான் திருநீறும் இரட்டைச் சடையுமாக வளர்ந்தேன்.

பள்ளியில் சேர்க்கும் வயது வந்தபோது காகிதம் தேவைப்பட்டது. முறைப்படி தத்தெடுக்க அப்பா விண்ணப்பம் போட்டார். அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார், அவர் எழுதிக் கொடுப்பதைப் பார்த்துத்தான் என்னை இங்கேயே விடலாமா என்று நீதிமன்றம் முடிவு செய்யும் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குச் சொல்லப்பட்டது, புதுப் பை வாங்கப்போகிறோம் என்பது மட்டும்.

அந்த வாரம் முதல் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் மண்சோறு சாப்பிடத் தொடங்கினார். அம்மன் கோயிலின் பின்புறத் தரையில் ஒரு மூலையைத் தாமே தேய்த்துக் கழுவுவார். இலை போடாமல், ஈரம் காயாத அந்தத் தரையிலேயே சோற்றை வாங்கி, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிடுவார். வீட்டில் என் தட்டை இரண்டு முறை துடைத்த பிறகே சோறு வைப்பவர் அவர். தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அது பிடிக்கவில்லை.

விளக்கம் சொன்னவள், எங்கள் கடைவீட்டு மாடியில் அடுத்த அறையில் குடியிருந்தவர்களின் மகள். என்னைவிட மூன்று வயது மூத்தவள்.

"இதுகூடத் தெரியாதா லா? பிள்ளை வேணும்னு வேண்டிக்கிறவங்கதான் மண்சோறு சாப்பிடுவாங்க. உங்கம்மாவுக்கு அவங்க மாதிரியே கறுப்பா ஒண்ணு வரப்போகுது. அப்புறம் நீ தோட்டத்துக்குப் போய்க் கீரை பறிக்க வேண்டியதுதான்."

நான் அதை நம்பினேன். அவள் எப்போதும் சரியான தகவல்களே வைத்திருப்பாள். அதன்பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மா சாப்பிட்டு எழுந்திருக்கும்போது அவர் வயிற்றைக் கவனித்தேன். ஏதும் மாறவில்லை. ஆனால் அவர் விடுவதாகவும் இல்லை.

ஒன்பதாவது வெள்ளிக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்தார். வெள்ளைக்காரப் பெண்மணி. மொழிபெயர்க்க ஒரு தமிழர் குடையோடு கூட வந்திருந்தார். என் படுக்கையையும் நகங்களையும் பார்த்துவிட்டு, அம்மாவோடு சந்தோஷமாக இருக்கிறாயா என்று அவர் மூலம் என்னைக் கேட்டார் அந்தப் பெண்மணி. அம்மா மூன்று கண்ணாடிக் குவளைகளில் ஆரஞ்சுத் தண்ணீரோடு அப்போதுதான் அடுப்படியிலிருந்து வந்தார்.

"அம்மாவுக்கு நான் வேணாம். வேற பிள்ளை கேக்குறாங்க. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தரையில சோத்தைப் போட்டுச் சாப்பிடுறாங்க" என்றேன்.

அப்பா எழுந்து நின்றார். வெள்ளைக்காரப் பெண்மணி பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். அவர் மொழிபெயர்க்கவில்லை. அம்மா பக்கம் திரும்பினார்.

"எத்தனை வெள்ளி ஆச்சும்மா?"

"ஒம்பது. பதினொண்ணு வேண்டிக்கிட்டேன்."

"எந்தப் பிள்ளை வேணும்னு?"

இரண்டு கையிலும் குவளைத் தட்டைப் பிடித்திருந்ததால் அம்மா முகவாயால் என்னைக் காட்டினார்.

காட்டிக்கொடுத்தவள் இவள்தான் என்று என்னைச் சுட்டுகிறார் என நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் நெடுநேரம் பேசினார். நான் சொன்னது அவ்வளவு நீளமில்லை. பெண்மணி எதையும் எழுதாமல் பேனாவை மூடினார். ஆரஞ்சுத் தண்ணீரை முழுக்கக் குடித்தார். அவர்கள் போனபின் அம்மா என்னைத் திட்டவில்லை. அப்பா தொடாமல் வைத்த குவளையை எடுத்து அம்மா என்னிடம் கொடுத்தார். அடியைவிட அது பயமாக இருந்தது.

பத்தாவது வெள்ளிக்கும் பதினோராவது வெள்ளிக்கும் இடையில் நீதிமன்றத்திலிருந்து பழுப்பு உறையில் ஒரு கடிதம் வந்தது. அப்பா அதை மூன்று முறை படித்தார். அம்மா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். அப்படியும் பதினோராவது வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனார். அன்று வழக்கத்தைவிட நேரமெடுத்துத் தரையைக் கழுவினார்.

திரும்பி வரும் வழியில் துணிந்து கேட்டேன்: "கேட்டது கிடைச்சிடுச்சாம்மா?"

"கிடைச்சிடுச்சு" என்றார் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் அவர் உலை வைக்கப் போனார். நான் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். அலமாரியைத் திறந்து புடவைகளை விலக்கிப் பார்த்தேன். அரிசி டின்னுக்குப் பின்னாலும் பார்த்தேன். குழந்தை எங்கேயும் இல்லை.