புதன்கிழமைகளில் மட்டும் எரியும் லைற்

போன மாதம் ஒரு மனிதர் என் காரின் எஞ்சினுக்குள் விரலை விட்டு, அந்த விரலை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். பிறகு துப்பிவிட்டு, "உப்பில்ல அக்கா, நல்ல தண்ணி" என்றார்.

அந்த ஒரு சொட்டுத் தண்ணீருக்குள்தான் என்னுடைய ஐந்து மாதத் தலையிடி முழுவதும் இருந்தது. சொல்கிறேன். ஆனால் மெதுவாகத்தான் சொல்வேன் — களைத்துப்போய் இருக்கிறேன்.

என் காரை வழமையான வாசகர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு: யப்பானில் யாரோ ஓடி அலுத்து, கொழும்பில் யாரோ ஓடி அலுத்து, கடைசியில் எங்கள் தலையில் வந்து விழுந்தது. வயது இருபதுக்கு மேல். கண்ணாடியை ஏற்றுவதென்றால் ஒரு கை பட்டனில், மற்றக் கையால் கண்ணாடியைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். ஹோர்ன் தனக்கு விருப்பமான நேரத்தில் மட்டும் அடிக்கும். இதில்தான் உயிலங்குளத்தில் இருந்து மன்னார்ப் பாலத்தைக் கடந்து தினமும் கந்தோருக்குப் போய் வருகிறேன்.

என் வீட்டுக்காரரையும் தெரியும்தானே? முப்பது வருடம் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் ஜீப் ஓடியவர். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, அவர் கண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ஒருநாள் வயல் கரையில் குறுக்கே வந்த மாட்டைக் கடைசி நேரத்தில்தான் கண்டார். வீட்டுக்கு வந்து கார்த் திறப்பை என் கையில் தந்தார். அதைப் பற்றி நாங்கள் பிறகு கதைக்கவில்லை.

இப்போது நான்கு கிழமைக்கு ஒரு தடவை, புதன்கிழமை, யாழ்ப்பாணத்தில் கிளினிக். கண்ணுக்குள் ஊசி... எழுதும்போதே எனக்குக் கை கூசுகிறது. "ஒரு முறையும் தவற விடாதேங்கோ, விட்டால் இருக்கிற பார்வையும் போயிடும்" என்று டொக்டர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே அந்தக் கிழட்டுக் கார் மற்ற நாட்களில் எப்படி ஆடினாலும் பரவாயில்லை. அந்த ஒரு புதன்கிழமை ஓடினால் போதும்.

அது அந்தப் புதன்கிழமையைத்தான் தெரிந்து பிடித்தது.

முதல் தடவை பாப்பாமோட்டைக்குக் கிட்ட. காலை ஆறரை இருக்கும். கார் மெல்ல ஒரு குத்துக் குத்தியது. ஸ்டியரிங்குக்கு முன்னால், எஞ்சின் படம் போட்ட அந்த மஞ்சள் லைற் இரண்டு தரம் சிமிட்டிவிட்டு நின்று எரிந்தது. இனி வெள்ளாங்குளம், முழங்காவில், பூநகரி என்று எவ்வளவு தூரம் கிடக்கிறது! சில இடங்களில் போனுக்குச் சிக்னலும் இல்லை.

பக்கத்தில் இருந்தவர் தலையைத் திருப்பினார். "என்ன, குத்துது?"

"ரோட்டுச் சரியில்லை" என்றேன்.

அது காப்பெற் ரோட்டு. வழுவழு என்று கிடக்கிறது. அவருக்குத்தான் லைற் தெரியாதே, ஏன் வீணாக அந்த மனுசனைப் பயப்படுத்துவான் என்று நினைத்தேன். அந்த லைற்றோடேயே யாழ்ப்பாணம் போய் வந்து சேர்ந்தோம்.

வெள்ளிக்கிழமை கந்தோர் முடிந்து எருக்கலம்பிட்டிக்குப் போனேன். அங்கேதான் நாங்கள் நானா என்று கூப்பிடும் மெக்கானிக்கின் கராஜ். வீட்டோடு சேர்ந்த ஒரு தகரக் கொட்டில், ஒரு மாமரம், நான்கைந்து உயிர் போன வாகனங்கள். நானா பொறுமைசாலி. ஆனால் நான் போன நேரம் லைற் அணைந்திருந்தது! காலையில்தான் அணைந்தது. கார் பூனை மாதிரிச் சத்தமில்லாமல் நின்றது. பல் வலி டொக்டரைக் கண்டதும் மாறுமே, அதே கதை.

நானா ஒரு சின்ன மெஷினைச் செருகிப் பார்த்தார். ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பழைய பதிவு ஒன்று கிடந்தது. பிளக் மாற்றினார்.

அடுத்த கிளினிக் புதன்: குத்து, மஞ்சள் லைற். வெள்ளி: ஒன்றுமில்லை. பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற கொயிலை மாற்றினார். அதற்கடுத்த புதன்: குத்து, மஞ்சள் லைற். நானா தலையைச் சொறிந்தார்.

"அக்கா, நோய் இருக்கிற நேரம் கொண்டாந்தாத்தானே பாக்கலாம். சுகமான பொறகு கொண்டாந்து என்னத்த பாக்கிற?"

"நோய் புதன்கிழமை யாழ்ப்பாண ரோட்டில வருது நானா. வெள்ளிக்கிழமை சுகமாகிடுது. நான் என்ன செய்ய?"

"ஒரு கொப்பி வைங்க. எப்ப வருது, எங்க வருதுண்டு எழுதுங்க."

எழுதினேன். கிளினிக் புதன் மட்டும். நடுவில் எத்தனை நாள் பாலத்தைக் கடந்தேன், எத்தனை தரம் சோளகக் காற்றில் கடல் தண்ணீர் கண்ணாடியில் தெறித்தது — அப்போதெல்லாம் ஒன்றுமில்லை. இதை வைத்து என்ன முடிவுக்கு வருவீர்கள்? என் மச்சாள் ஒரே சொல்லில் சொன்னாள்: "கண்ணூறு." கந்தோரில் ஒருவர் பெற்றோல் மூடியை இறுக்கச் சொன்னார். இன்னொருவர், "மிஸ், லைற்றுக்கு மேல ஒரு கறுப்பு ரேப் ஒட்டி விடுங்கோ, பிரச்சினை முடிஞ்சுது" என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்த ரேப் வேலையைத்தான் நான் மாதாமாதம் வாயால் செய்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வான் பிடித்துப் போகலாமே என்பீர்கள். கேட்டுப் பார்த்தேன். "கண்டவன் கியர் மாத்துற சத்தத்தை அவ்வளவு தூரம் என்னால கேக்கேலாது" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பஸ்ஸில் ஒரு தடவை போனோம். ஊசி போட்ட கண்ணோடு, அந்தத் தூசிக்குள், நின்றபடி வந்தார். அதற்குப் பிறகு பஸ்ஸை நானே நினைக்கவில்லை.

குத்து மாதாமாதம் கூடிக்கொண்டு வந்தது. ஐந்தாவது மாதம், பாப்பாமோட்டையைத் தாண்ட முன்னமே கார் தூக்கித் தூக்கிப் போட்டது. லைற் நிற்காமல் சிமிட்டியது. எனக்குத் துணிவு போய்விட்டது. காரைத் திருப்பினேன்.

அவரிடம் "எஞ்சின் குத்துது, போகேலாது" என்று மட்டும் சொன்னேன். "சரி" என்றார். நேரே எருக்கலம்பிட்டி. நோய் இருக்கிற நேரமே கொண்டுபோய்க் காட்டுவோம் என்ற வெறி.

நானாவின் மனைவி அவரைக் கைபிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், ஃபானுக்குக் கீழே கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார். வெளியே நானா போனற்றைத் திறந்து, கொயிலைக் கழற்றி, பிளக் இருக்கிற குழிக்குள் விரலை விட்டார். அப்போதுதான் நான் முதலில் சொன்ன அந்த ருசி பார்த்தல்.

எருக்கலம்பிட்டியில் பிறந்த மனிதர். கிணற்றுக்குக் கிணறு தண்ணீரின் ருசி மாறுகிற ஊர். எது கடல், எது உவர், எது நல்ல தண்ணீர் என்று நாக்கே சொல்லிவிடும். மழையும் இல்லை, கடலும் இல்லை. அப்படியென்றால்?

"ஆராவது எஞ்சினுக்குப் பைப்பால தண்ணி அடிக்கிறாங்களா அக்கா? மேல இருக்கிற ரப்பர் எல்லாம் காய்ஞ்சு வெடிச்சிருக்கு. அடிச்சா உள்ளதான் போகும். ரெண்டு நாள் ஓடினாச் சூட்டுக்குக் காய்ஞ்சிடும். புது ரப்பர் தேடத்தான் வேணும், கிடைக்கிற வரைக்கும் தண்ணி படக்கூடாது."

எனக்கு உடனே விளங்கிவிட்டது.

கிளினிக்குக்கு முதல் நாள், செவ்வாய்க்கிழமை பின்னேரம், நான் குசினியில் நிற்பேன். கிணற்றடியில் பைப் சத்தம் கேட்கும். அவர் கார் கழுவுகிறார் என்று தெரியும். கண் தெரியாவிட்டாலும் கையால் தடவித் தடவிக் கழுவுவார். போனற்றையும் திறக்கிறார் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். கடற்கரைப் பக்கம் ஓடி வந்த ஜீப்பைப் போனற்றைத் திறந்து நல்ல தண்ணீர் அடிக்காமல் அவர் விட்டதே இல்லை. உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்பது இந்தப் பக்கத்து ட்ரைவர்மாரின் வேதம். அது டீசல் ஜீப், பிளக்கும் இல்லை, கொயிலும் இல்லை. முப்பது வருடமாக ஒன்றும் ஆகவில்லை. இது பெற்றோல் கார்.

நானா வீட்டுக்குள் ஒருமுறை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "ஐயாட்ட நான் சொல்லட்டா?"

"வேண்டாம் நானா. நான் சொல்லுறன்."

சொன்னேனா? இல்லை. அடுத்த கிளினிக் திகதி நான்கு கிழமை கழித்துத்தான் கிடைத்தது. அந்த நான்கு கிழமையும் சொல்லவில்லை. திறப்பைத் தந்துவிட்ட மனிதருக்கு அந்தக் காரில் மிச்சம் இருந்தது இந்த ஒரு வேலைதான். அதையும் பிடுங்குவதா? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று செவ்வாய்க்கிழமை வந்தே விட்டது. கிணற்றடியில் பைப் சத்தமும் கேட்டது.

அகப்பையைப் போட்டுவிட்டு ஓடினேன். போனற் திறந்திருந்தது. இடது கையால் எஞ்சினைத் தடவிக்கொண்டு, வலது கையில் பைப்போடு நின்றார்.

"இஞ்சருங்கோ, அதுக்குத் தண்ணி அடிக்காதேங்கோ."

"ஏன்? நாளைக்கு நெடுந்தூரம் போகோணும். உப்போடயே கொண்டு போறது?"

"அந்தத் தண்ணிதான் பிளக்குக்குள்ள போகுது. அதாலதான் குத்தினது. அஞ்சு மாசமா லைற் வந்ததும் அதாலதான்."

"எந்த லைற்?"

பைப்பில் இருந்து தண்ணீர் அவர் காலில் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப அஞ்சு மாசமா லைற் வந்திருக்கு. நீர் சொல்லேல்லை."

"நீங்கள் யோசிப்பியள் எண்டுதான்..."

"எனக்குக் குத்துக் கேட்டதப்பா. ரோட்டு எண்டீர். அது ரோட்டில்லை எண்டு எனக்குத் தெரியாதே? நான் ஏதும் சொன்னா, நீர் ஓடுறதைக் குறை சொல்லுற மாதிரிப் போயிடும் எண்டு விட்டிட்டன். உப்புத்தான் வயருக்குள்ள பிடிச்சிட்டுது எண்டு நினைச்சு, ஒவ்வொரு முறையும் இன்னும் வடிவா அடிச்சனான்."

குத்து மாதாமாதம் ஏன் கூடியது என்று இப்போது விளங்குகிறதா?

பைப்பைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அப்ப அண்டைக்குத் திரும்பி வந்தது என்னாலதான். என்ன?"

"ரெண்டு பேராலயும்" என்றேன்.

தடவிப் போய்ப் பைப்பைப் பூட்டினார். போனற்றை இறக்கி, இரண்டு கையாலும் அழுத்தி மூடினார். அன்றிரவு இரண்டு இடியப்பத்தோடு எழும்பிவிட்டார்.

மறுநாள் காலை கார் நல்ல பிள்ளையாக ஓடியது. பாப்பாமோட்டையில் கேட்டார்: "லைற்?"

"இல்லை."

"உண்மையாவோ?"

"உண்மையா."

வெள்ளாங்குளத்தில் திரும்பவும் "லைற்?" முழங்காவிலில் "லைற்?" எனக்கு எரிச்சல் ஏறிவிட்டது. "எத்தினை தரம் சொல்லுறது!"

"நீர் சொன்னாத்தானே எனக்குத் தெரியும்" என்றார்.

சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறும்போது, கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். "நானும் ஒண்டு சொல்லோணும். வலக் கண்ணில நடுவில ஒண்டும் தெரியேல்லை. புகை மாதிரிக் கிடக்கு. அண்டைக்குத் திரும்பி வந்தமே, அந்தக் கிழமையில இருந்து."

பாலம் முடிந்ததும் காரை ஓரமாக நிற்பாட்டினேன். முதலில் கோபம்தான் வந்தது. அழுகை பிறகு.

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் முதல்ல காரை ஏசுவீர். பிறகு காரைத் திருப்பினதுக்கு உம்மையே ஏசுவீர். ஏன் வீணா எண்டு விட்டிட்டன்."

நான் அவரைக் காப்பாற்ற லைற்றை மறைத்தேன். அவர் என்னைக் காப்பாற்றக் கண்ணை மறைத்தார். கலியாணம் கட்டி முப்பத்தொரு வருடம். இப்படித்தான் ஒருவரை ஒருவர் பத்திரமாகப் பார்த்துக்கொண்டு வந்து, இங்கே நிற்கிறோம். சொல்லாமல் விட்டால் மற்றவருக்கு நிம்மதி என்று நினைக்கிற வீடுகள் எத்தனையோ இருக்கும். அந்த நிம்மதியில் யாராவது நித்திரை கொண்டதாக நான் கேள்விப்படவில்லை.

டொக்டரிடம் அவரே சொன்னார், ஒளிக்காமல். டொக்டர் நெடுநேரம் பார்த்தார். ஊசி போட்டார். "இதை அப்பவே சொல்லியிருக்கோணும். எவ்வளவு திரும்பி வரும் எண்டு இப்ப சொல்லேலாது, இனி ஒருமுறையும் விடாமல் வாங்கோ" என்றார். அவ்வளவுதான். ஆறுதலாகவும் இல்லை, கையை விரித்ததாகவும் இல்லை.

பின்னேரம் திரும்பி வந்தோம். அவர் வலக் கண்ணில் பஞ்சு, தலை சீற்றில் சாய்ந்திருந்தது. நித்திரை என்று நினைத்தேன். பாப்பாமோட்டைக்குக் கிட்ட வர... நம்புவீர்களா? வந்தது. அதே மஞ்சள் லைற்.

குத்து இல்லை. தண்ணீரும் இல்லை, யாரும் அடிக்கவில்லை. பழைய வாகனம், ஒன்று தீர்ந்தால் இன்னொன்று. எனக்குப் பயப்படக்கூட அலுப்பாக இருந்தது. அவருக்குத்தான் தெரியாதே, பேசாமல் வீடு போய்ச் சேர்வோம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு சொன்னேன்.

"இஞ்சருங்கோ, லைற் வந்திட்டுது."

தலையை நிமிர்த்திக் காதைக் கொடுத்தார். "குத்தேல்லை. மிதிச்சா நல்லா இழுக்குதோ?"

"இழுக்குது."

"அப்ப மெதுவா விடும். நீர் பாரும், நான் கேக்கிறன்."

வெள்ளிக்கிழமை திரும்பவும் எருக்கலம்பிட்டிக்குப் போக வேண்டும். அதுவரைக்கும் எரியட்டும் — இந்த முறை அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.