செந்திலுக்கு ஒரு பிடி சாமை

காலை ஆறே கால் மணி, வேலூர் பஸ் நிலையம். அமிர்தி போகும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது இருக்கை கிடைத்தது. தூரம் பதினாறு மைல், டிக்கெட் ஆளுக்கு ஒரு ரூபாய் இருபது பைசா. நில அளவை அலுவலகத்தில் வரைபடங்களைப் பார்த்தே தலை நரைத்தவன் நான். எங்கே போனாலும் எத்தனை மைல் என்று தெரியாவிட்டால் எனக்குக் கால் நகராது. அது 1978, கார்த்திகை மாதக் கடைசி. குளிருக்குப் பயந்து இரண்டு கம்பளி எடுத்திருந்தோம். பக்கத்தில் என் மனைவி சரஸ்வதி, மடியில் பையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள்.

இது உல்லாசப் பயணம் இல்லை. ஒன்றரை வருடத்துக்கு முன் எங்கள் ஒரே மகன் செந்தில் ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டான். முதல் நாள் சாயங்காலமே உடம்பு நெருப்பாகக் கொதித்தது. "காலையில பார்த்துக்கலாம்" என்று சொன்னவன் நான். அந்தக் காலை அவனுக்கு வரவில்லை. அதன் பிறகு சரசு என்னிடம் உப்பு, பால், கரண்ட் பில் தவிர வேறெதுவும் பேசியதில்லை. எங்கள் வாயிலிருந்து அவன் பெயரும் வந்ததில்லை. எனக்குத் தூக்கம் போய், தலைவலி வந்து, டாக்டரிடம் காட்டினால் அவர் மாத்திரை எழுதாமல், "மன அமைதி வேணும் சார், நாலு நாள் மலைப்பக்கம் போய்ட்டு வாங்க" என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அமைதிக்கு எங்கள் வீட்டில் என்ன பஞ்சம்? சுவர்க் கடிகாரம் தெருவுக்கே கேட்கும். அக்கம்பக்கத்தார் எங்களை அமைதியான தம்பதி என்று மெச்சினார்கள்.

பஸ் கணியம்பாடி தாண்டியதும் இரண்டு பக்கமும் கரும்பு. கண்டக்டர் எங்கள் கம்பளிகளைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், காடு பாக்கவா? அமிர்தியில கடைசியா ஒரு டீக்கடைதான் கீது, அங்கயே குடிச்சிக்கினு ஏறுங்க" என்றார். அவர் சொன்னது நல்லதாயிற்று. அதற்கப்புறம் ஆறு மைலுக்குக் குடிக்க ஓடைத் தண்ணீர்தான்.

எட்டு மணிக்குள் அமிர்தி. அலுவலகத்து நண்பர் ஒருவர் வீட்டுக்கு வருடாவருடம் புளி கொண்டுவரும் மலைக்காரர் ராமன், அங்கே காத்திருந்தார். அவர் வீட்டில் நான்கு நாள் தங்குவதாக ஏற்பாடு. எங்களை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை, எங்கள் கதையும் அவருக்குத் தெரியாது. ஐம்பது வயது இருக்கும். எங்கள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் நடந்த வேகத்துக்கு நாங்கள் வெறுங்கையோடு ஈடுகொடுக்க முடியவில்லை.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்று இரண்டரை மைல் நடந்த பிறகு கேட்டேன்.

"தோ, ஒரு கூப்பிடு தொலவுங்க சாரு."

அந்தக் கூப்பிடு தூரம் என் கணக்கில் மூன்றரை மைல், அதுவும் செங்குத்தான ஏற்றம். அவர் ஊர்க்காரர்களுக்குத் தொண்டை பெரிதாக இருக்க வேண்டும். நான் பாறைக்குப் பாறை உட்கார்ந்தேன். சரசு ஒரு இடத்திலும் உட்காரவில்லை. எனக்கு முன்னால் இருபது அடி தள்ளியே நடந்தாள். வீட்டிலும் எங்களுக்குள் அந்த இடைவெளி இருந்ததால் அது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

பன்னிரண்டரை மணிக்கு ஊர் வந்தது. மொத்தம் பதினான்கு வீடுகள், மண் சுவர், புல் கூரை. சரிவு முழுக்கச் சாமை அறுத்த தாள், களத்தில் வைக்கோற்போர். ராமனின் மனைவி வெள்ளச்சி வாசலிலேயே தண்ணீர்ச் செம்போடு நின்றாள். நல்ல குரல். அவள் சாதாரணமாகப் பேசினாலே எதிர் மலைக்குக் கேட்கும்.

"வாங்க சாரு, வாங்கக்கா. நல்ல நேரத்துக்கு வந்தீங்க, நாளைக்குத்தான் புதுச் சாமை பொங்கறோம். பசங்க எத்தினி பேரு?"

"ஒரு பையன்" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"யார்கிட்ட வுட்டுட்டு வந்தீங்க?"

இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வந்து காலைக் கழுவுவதற்குள் சாவைப் பேச வேண்டாம் என்று தோன்றியது. அதைவிட, சரசு பக்கத்தில் நிற்கும்போது அந்த வார்த்தையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. "பாட்டி வீட்டில் இருக்கிறான்" என்றேன்.

சரசு செம்பை அப்படியே கீழே வைத்துவிட்டுக் களத்துப் பக்கம் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே உலக்கைச் சத்தம். வெள்ளச்சியும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் ஒரே உரலில் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். சாமை லேசில் உமியை விடாது. குத்திப் புடைத்து, மறுபடி குத்திப் புடைத்து, மூன்றாவது தடவைதான் அரிசி வெள்ளையாகிறது. சரசு யாரும் கேட்காமலே முறத்தை வாங்கிப் புடைக்க உட்கார்ந்தாள். புது மண்பானையில் சோறு பொங்கியபோது ஒன்பதரை ஆகிவிட்டது. மொச்சைக் குழம்பின் வாசனையில் எனக்கு நல்ல பசி. இலையில் விழுந்தால் போதும் என்றிருந்தது.

ஆனால் அந்த வீட்டில் புதுச் சாமையை அப்படிச் சாப்பிட முடியாது என்று பிறகுதான் தெரிந்தது. முதலில் சுவரோரம் ஒரு தேக்கிலை போட்டு, ராமன் செத்துப்போன முன்னோர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒவ்வொரு பிடி வைத்தார். அது முடிந்து அவர் கையைக் கழுவிய பிறகு, நடுவீட்டில் வேறு இலைகள். அங்கே வெள்ளச்சி உயிரோடு இருப்பவர்களைக் கூப்பிட்டாள். வீட்டில் இருப்பவர்களை மட்டுமல்ல, வெளியூரில் இருப்பவர்களையும். நெல்லிவாசல்நாட்டில் கட்டிக்கொடுத்த மகள் மாரிக்கு ஒரு பிடி, கேரளத்து மிளகுத் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருக்கும் மகன் சின்னசாமிக்கு ஒரு பிடி. தூரத்தில் இருக்கும் பிள்ளையின் பிடியைப் பெற்றவள்தான் சாப்பிட வேண்டுமாம். அப்படிச் சாப்பிட்டால் பிள்ளை அங்கே பசியில்லாமல் இருக்கும் என்பது நம்பிக்கை. பிறகு ராமனுக்கு, சரசுவுக்கு, எனக்கு. கடைசியாக இன்னொரு பிடி எடுத்துச் சின்னசாமியின் பிடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெள்ளச்சி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பாட்டி வூட்டுல கீற புள்ளைக்கு. பேரு இன்னா சாரு?"

நான் குனிந்து இலையைப் பார்த்தேன்.

"செந்தில்" என்றாள் சரசு.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அவள் குரலில் கேட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வரும் பையனை வாசலிலிருந்து கூப்பிடுகிற அதே குரல். உடனே, "அவன் இல்லம்மா. போன வருஷமே போய்ட்டான்" என்றாள்.

வெள்ளச்சியின் கை நின்றது. ராமன் எழுந்துவிட்டார். அதுவரை அவர் முகத்தில் கோபத்தை நான் பார்க்கவில்லை.

"இன்னா சாரு இது? செத்தவங்களுக்கு அந்தாண்ட வைக்கிறோம், உசிரோட கீறவங்களுக்கு இந்தாண்ட வைக்கிறோம். என் புள்ள கண்ணுக்கெட்டாத ஊர்ல கெடக்கிறான். அவன் பிடிக்குப் பக்கத்துல வைக்க வுட்டுட்டீங்களே? கேட்டப்பவே சொல்றதுக்கு இன்னா?"

எங்கள் வீட்டுச் சாவைப் பேசப் பயந்து, முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில் அவர் மகன் உயிருக்கு ஆபத்து என்ற பயத்தை உண்டாக்கிவிட்டேன். எனக்கு அந்த நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை. அவருக்கு இருக்கிறது. "தப்புதாங்க" என்று எழுந்து கும்பிட்டேன். ராமன் பானையை இறக்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி பொங்கச் சொன்னார்.

வெள்ளச்சி பானையைத் தொடவில்லை. சரசுவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "கொட்ட வேணாம்" என்றாள். "பேர் சொல்லி எடுத்த பிடி பானைக்குத் திரும்பாது. பெத்தவ வாயால பேரு வந்துச்சு, பெத்தவங்களே துன்னட்டும். அக்கா, சாரு, ரெண்டு பேரும் ஒரே எலயில உக்காந்து துன்னுங்க. அந்த எல காலியானப்புறம் நாங்க துன்றோம்."

ராமன் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். புருஷனும் பெண்டாட்டியும் பசியோடு காத்திருக்க, நாங்கள் ஒரே இலையில் கை வைத்தோம். ஒரு பிடிச் சோறு எவ்வளவு இருக்கும்? இரண்டு பேருக்கு ஆளுக்கு மூன்று வாய். எனக்கு முதல் வாயே இறங்கவில்லை. மயானத்தில்கூட அழாதவன், மலைமேல் ஒரு குடிசையில் வாயில் சோற்றோடு அழுதேன். சரசு தன் பங்கைச் சாப்பிட்டுவிட்டு, நான் மிச்சம் வைத்ததையும் இரண்டாகப் பிரித்து ஒன்றை என் பக்கம் தள்ளினாள். இலை காலியானது. வெள்ளச்சி மகனுக்கு வைத்த பிடியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "குழம்பு ஊத்தட்டா சாரு?" என்றாள், ஒன்றும் நடக்காததுபோல.

மூன்றாம் நாள் ராமன் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்த் தன் புளிய மரங்களைக் காட்டினார். நேற்றைய பேச்சை எடுக்கவில்லை. அங்கிருந்து திரும்பும்போது, "அடுத்த வருசமும் புதுச் சாமைக்கு வாங்க சாரு" என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு இறங்க ஆரம்பித்தோம். ஏறும்போது நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆன வழி, இறங்க இரண்டரை மணிதான். ராமன் பெட்டியோடு முன்னால் போய்விட்டார். ஓடைக்குப் பக்கத்தில் சரசு நின்றாள். ஏறும்போது ஒரு இடத்திலும் நிற்காதவள், எனக்காக நின்றாள்.

"பாட்டி வீட்டுல இருக்கான்னு சொன்னீங்களே" என்றாள். "கோவம்தான் வந்துச்சு. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சுங்க, நெஜமாவே அங்க இருக்கிற மாதிரி."

அவள் ஓடையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கு நீங்க காலையில பார்த்துக்கலாம்னு சொன்னப்ப நானும் சரின்னு தலையாட்டினேன். நீங்க கவனிக்கல. இத்தினி நாளா பழிய உங்க தலையில போட்டுட்டு நான் பேசாம இருந்துட்டேன்."

"ரெண்டு பேருக்குமே தெரியல சரசு" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடையைத் தாண்டினாள்.

அமிர்தியில் பஸ்ஸுக்கு வெகுநேரம் காத்திருந்து, அன்று மாலை ஐந்து மணிக்கு வேலூரில் வீட்டுப் பூட்டைத் திறந்தோம். தலைவலி போய்விட்டதா என்று டாக்டர் கேட்டால், போகவில்லை என்பதுதான் உண்மை. மலையில் அமைதியும் கிடைக்கவில்லை. வெள்ளச்சி இருக்கும் ஊரில் அது எப்படிக் கிடைக்கும்? எங்களிடம் இருந்த அமைதிதான் உடைந்தது. அது உடைந்தது நல்லதாயிற்று.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரசமும் சோறும் மட்டும்தான். சரசு பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "செந்தில் இருந்தா இப்ப இன்னா கேட்டிருப்பான்?" என்றாள்.

"அப்பளம்" என்றேன்.

எழுந்து போய் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தாள்.