அறுபத்து நாலு கிலோ

என் பட்டறையின் மூலையில் ஒரு சிமெண்டுக் கல் கிடக்கிறது. யாரும் வார்த்த கல் இல்லை, மூட்டைக்குள்ளேயே இறுகிப்போனது. சாக்கு இற்று உதிர்ந்துவிட்டது. அதன் நெசவு மட்டும், பாயில் படுத்து எழுந்தவன் முதுகில் பதிந்த கோடுகள் மாதிரி, கல்லில் நிற்கிறது. அடி உருண்டு, முதுகு லேசாகப் பின்னால் சாய்ந்து, கார் சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும் வடிவம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதன்மேல் டீ கிளாஸை வைப்பார்கள். நான் கிளாஸை எடுத்து வேறு இடத்தில் வைத்துவிடுவேன்.

அவர் எனக்குப் பாய், நான் அவருக்கு மாப்ள. இருவருக்கும் ஒரே வயது, அப்போது முப்பத்தைந்து இருக்கும். லப்பைக்குடிகாட்டுக்காரர். பதினோரு வருடம் துபாயில் இருந்தவர். பெரம்பலூர் ரோட்டோரத்தில் அலைன்மெண்ட் பட்டறை வைத்திருந்த எனக்கு அதுவரை தெரிந்ததெல்லாம் அரியலூர் சுண்ணாம்புக்கல் லாரிகள்தான். ஒரு காலையில் டிராக்டர் ஒன்று கயிறு கட்டி இழுத்துவர, பின்னால் வந்தது அந்த வண்டி. இரண்டே இருக்கை, கூரை கிடையாது, முழங்கால் உயரத்தில் மூக்கு. கடலுக்கு அப்பால் எவரோ ஒரு பணக்காரரிடம் இருந்த பந்தயக் காரின் நகல். நாலு விடுமுறைகளில் ஊருக்கு வந்து வந்து, சட்டத்தைத் தானே பற்றவைத்து, திருச்சியில் பஸ்ஸுக்கு முகப்பு செய்பவரிடம் ஃபைபர் உடம்பு வார்த்து, பழைய எஞ்சின் ஒன்றைப் பொருத்தியிருந்தார். சக்கரங்களை நேராக்குவது மட்டும் பாக்கி.

“மாப்ள, ஆறு மாசம் லீவு. அதுக்குள்ள திரும்பலேன்னா விசா போயிடும். ஆனா இந்த வண்டி கைய விட்டாலும் நேரா ஓடிச்சுன்னா நான் போவல. நம்ம ரெண்டு பேரும் இங்கயே இதே மாதிரி செய்வோம். திருச்சி டாக்டரு ஒருத்தரு ஒண்ணு கேட்டிருக்காரு.”

“ஓடலேன்னா?”

“ஓடலேன்னா எனக்கு வேல தெரியலேன்னு அர்த்தம். போயிட்டு வரேன்னு கெளம்பிடுவேன்.”

லாரிக்கு ஓட்டுகிறவரின் எடை ஒரு பொருட்டில்லை. இது அறுநூறு கிலோவுக்குச் சற்று மேலிருந்த வண்டி. ஓர் ஆள் ஏறினாலே அந்தப் பக்கத்து ஸ்பிரிங் அமுங்கும். சக்கரத்தின் சாய்வு மாறும். ஆகவே ஓட்டுகிறவர் உட்கார்ந்த நிலையில்தான் நூல் பிடித்துச் சக்கரங்களை அளக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். சரி, ஏறி உட்காருங்கள் என்றேன். அவர் முகம் மாறியது.

“நான் ஒக்கார மாட்டேன் மாப்ள. மூட்டைய வையி.”

அன்றைக்குத்தான் அவர் துபாயில் செய்த வேலை என்னவென்று தெரிந்தது. பந்தயக் கார்ப் பட்டறையைக் கூட்டப் போனவரின் எடையும், அந்தக் காரை ஓட்டும் முதலாளியின் எடையும் ஒன்றாக இருந்திருக்கிறது. முதலாளி வாரம் ஒருநாள்தான் வருவார். மற்ற நாட்களில் அவருக்குப் பதிலாக இவரை சீட்டில் உட்காரவைத்து வண்டியைச் சரிபார்ப்பார்கள். சுற்றிலும் நாலு பேர் அளப்பார்கள், திருகுவார்கள். இவர் அசையக்கூடாது. சாவியை ஒருநாளும் கையில் கொடுத்ததில்லை. அசையாமல் உட்கார்ந்தபடி கண்ணாலேயே அவ்வளவு வேலையையும் படித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

“எடை கொறையக் கூடாதுன்னு ரெண்டு தட்டு சோறு போடுவாங்க. நோன்பு மாசத்துல தெனம் நோன்பு தொறந்ததும் தராசுல ஏத்திப் பாப்பாங்க. ஊருல எல்லாரும் ஒழைச்சு இளைப்பாங்க. நான் ஒக்காந்து ஊதுனேன்.” சிரித்தார். “இது என் வண்டி. இதுக்கு நான் வெளியில நின்னு வேல பாக்கணும்.”

எத்தனை கிலோ என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. எண்பத்து ரெண்டு என்றார். ஒரு முழு சிமெண்டு மூட்டை, அதன்மேல் முப்பத்திரண்டு கிலோவுக்கு இன்னொன்று. சீட்டில் வைத்துக் கயிற்றால் கட்டினோம். முன்சக்கரங்கள் வழுக்கித் திரும்ப அவற்றுக்குக் கீழே கிரீஸ் தடவிய இரட்டைத் தரையோடுகள், இரண்டு பக்கமும் நைலான் நூல், தூக்குக்குண்டு. பாய் குனிந்தும் படுத்தும் மல்லாந்தும் வேலை பார்த்தார். தகடு தகடாகச் செருகி, கால் சுற்று கால் சுற்றாகத் திருகி, மூன்று நாளில் எல்லா அளவும் அவர் சொன்ன இடத்துக்கு வந்து நின்றது.

குன்னம் தாண்டி அரியலூர் ரோட்டில் பருத்திக்காட்டுக்கு நடுவே நேரான துண்டு ஒன்று உண்டு. நான் பைக்கில் பக்கத்திலேயே போக, அங்கே கையை விட்டார். வண்டி இடது பக்கம் இழுத்தது.

ரோட்டின் சரிவு என்றேன். ஆள் நடமாட்டமில்லாத நேரத்தில் வலது ஓரமாக ஓட்டிப் பார்த்தோம், அப்போதும் இழுத்தது. டயர்களை இடம் மாற்றினோம். ஸ்டியரிங் பெட்டியைப் பிரித்துக் கோத்தோம். மறுபடி மூட்டை, மறுபடி நூல். பட்டறையில் சரியாக நின்ற அளவு, ரோட்டுக்குப் போனதும் பொய்யானது. ஒன்று, இரண்டு, நான்கு மாதம். இதற்கிடையில் அவர் தங்கைக்கு நிக்காஹ் பேசி முடித்தார்கள். வீட்டில் வண்டியைப் பற்றிய பேச்சு குறைந்து டிக்கெட்டைப் பற்றிய பேச்சு வந்தது. பாயின் பேண்ட் நழுவுகிறது என்று அவர் பெல்ட்டுக்கு ஆணி வைத்து இரண்டு ஓட்டை நானே அடித்துக் கொடுத்தேன். நானே. அடித்த கையோடு திரும்பிப் போய் நூலைப் பிடித்தேன்.

கடைசியில் எனக்கு மூட்டைமேலேயே சந்தேகம் வந்தது. இரண்டையும் தூக்கிக்கொண்டு சின்ன வெங்காய மண்டிக்குப் போய்த் தராசில் வைத்தோம். எண்பத்து ரெண்டு, முள் பிசகவில்லை. பக்கத்தில் நின்ற சுமைக்காரர் சும்மா இருக்கவில்லை.

“மூட்டைய மட்டும் போட்டா எப்புடி? பாயையும் ஏத்துங்க, சரக்கு தேறுமான்னு பாப்பம்!”

பாய் சிரித்துக்கொண்டே ஏறினார். முள் அறுபத்து நாலில் நின்றது.

“அட, காஞ்ச வெங்காயம்யா இது! தொலி மட்டுந்தான் இருக்கு!”

மண்டியே சிரித்தது. பாயும் ஒரு கணம் சிரித்தார். பிறகு “தராசு சரியில்ல” என்றார். பிறகு குனிந்து முள்ளைப் பார்த்தார். இறங்காமல் அப்படியே நின்றார். வெங்காயத் தொலி காற்றில் பறந்து வந்து அவர் காலடியில் சுழன்றுகொண்டிருந்தது.

“எண்பத்தி ரெண்டு என் எடை இல்ல மாப்ள” என்றார் மெதுவாக. “அது அவரு எடை.”

சின்ன மூட்டையை அவிழ்த்துப் பதினெட்டு கிலோவை அள்ளி வெளியே எடுத்தேன். அந்த எடைக்கு மறுபடி நூல் பிடித்ததும் ஒரே நாளில் எல்லாம் முடிந்தது. குன்னம் தாண்டிய அதே ரோட்டில் பாய் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார், தொழுகையில் அமர்ந்திருப்பவரைப்போல. வண்டி கோடு போட்டது. பருத்திக்காடு இரண்டு பக்கமும் சமமாகப் பின்னால் போனது. எதிரே சிமெண்டு லாரி வரும்வரை அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

வண்டியை ஓரங்கட்டி, “மொத மாசமே ஓடியிருந்தா…” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

டிக்கெட்டுக்கு ஒன்பது நாள் இருந்தது. நிக்காஹ் செலவுக்கு அவர் வாக்குக் கொடுத்துவிட்டார். டாக்டரும் அதற்குள் வேறு வண்டி வாங்கியிருந்தார். வேலை தெரியாது என்று அவர் போகவில்லை. தெரியும் என்று ஆன பிறகும் போனார். அந்த ரெண்டு தட்டுச் சோறு நின்றதிலிருந்தே அவர் இளைத்துக்கொண்டிருந்திருக்கிறார்; முதல் நாளே அவரைத் தராசில் ஏறச் சொல்லியிருந்தால் போதும். தினமும் எடைமேடையில் லாரி ஏறி இறங்குவதைப் பார்க்கிறவன், மனிதன் சொன்ன எடையை அப்படியே எழுதிக்கொண்டேன்.

கிளம்பும் அன்று வண்டியைத் தன் வீட்டுக் கொட்டகையில் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “மூட்டைய எடுக்காத மாப்ள. ஸ்பிரிங்கு என் கனத்த மறந்துடப் போவுது. ரெண்டே வருசம்.”

நடுவில் ஒருமுறை போன் வந்தது. குரலில் மூச்சு வாங்கியது. “மறுபடி எண்பத்தி ரெண்டுக்கு வந்துட்டேன் மாப்ள” என்றார். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சிரித்திருப்பேன். இரண்டாம் வருடம், வேலையிடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார் என்று தகவல் வந்தது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

நாலு மாதம் பத்து நாள் துக்கம் காக்கும் இத்தா முடிந்த பிறகு அவர் மனைவி கூப்பிட்டனுப்பினார். கொட்டகையின் கதவுக்கு அப்பால் நின்று, “வண்டிய யாரோ கேக்குறாங்கண்ணே. அந்த மூட்டைய மட்டும் நீங்களே எடுத்துடுங்க. எங்களுக்குக் கை வரல” என்றார். சின்ன மூட்டையை எடுத்து வெளியே வைத்தேன். பெரியதைத் தழுவித் தூக்கினேன். கையில் குழைந்து சரியும் என்று நினைத்திருந்தேன். சரியவில்லை. இரண்டு மழைக்காலத்து ஈரத்தைக் குடித்துச் சீட்டின் வடிவிலேயே கல்லாகியிருந்தது. தூக்கியதும் வண்டியின் வலது பக்கம் மெல்ல எழுந்தது, ஒரு விரல் உயரம். ஸ்பிரிங் நீளமாக ஒரு சத்தம் போட்டது. கார் சீட்டிலிருந்து ஒருவர் இறங்கினால் கேட்கும் சத்தம்.

கதவுக்கு அப்பாலிருந்து, “யாருண்ணே?” என்றார் அவர் மனைவி.

பட்டறையில் இப்போது கணினி இருக்கிறது; நூல் இல்லை. யார் கார் கொண்டுவந்தாலும் முதலில் தராசில் ஏறச் சொல்கிறேன். சிரிக்கிறார்கள், தங்கள் எடையை வாயாலேயே சொல்கிறார்கள். நான் முள் நிற்கும்வரை காத்திருக்கிறேன். மூலையில் அந்தக் கல் லேசாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. யாரோ மறுபடி அதன்மேல் கிளாஸை வைத்திருக்கிறார்கள். எழுந்துபோய் எடுக்கிறேன்.