தொண்ணூறில் தொடங்கிய சிவப்பு

என் அண்ணனைப் பழிவாங்க ஒரு ஆயில் மீட்டரும் பாதிப் போத்தல் நகப்பூச்சும் போதுமாக இருந்தன. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. இன்னும் கொஞ்சம் கூடச் செய்திருக்கலாம் என்றுதான் சில நாள் தோன்றும்.

எனக்கு மலாக்காவில், ஆயர் குரோவில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. வீடு தங்கா பத்துவில். அந்தத் தூரத்துக்காகவே என் சம்பளத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அண்ணன் சாவியை எடுத்துக்கொண்டு கூட்டாளிகளோடு கடலோரத்து உம்பாய்க்குச் சுட்ட மீன் தின்னப் போய்விடுவான். கேட்டு எடுக்கும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. அம்மாவும் பழக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகும்போது, டிராபிக் லைட்டை நெருங்கும் நேரத்தில் எஞ்சின் அப்படியே இறுகிவிட்டது. உதைத்துப் பார்த்தேன், அசையவில்லை. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்க அடிக்க ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன். எஞ்சினைத் திறந்து பார்த்த மோட்டார் கடைக்காரர், "ஆயில் காஞ்சு கெடக்கு தங்கச்சி. சூட்டோட சூடா யாரோ போட்டு முறுக்கியிருக்காங்க," என்றார். நான் முறுக்குகிறவள் இல்லை. யார் என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் சொன்னேன். அண்ணன் சோற்றுத் தட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "நான் நல்லாத்தான் கொண்டாந்து விட்டேன் லா. இவளுக்குக் கியர் மாத்தத் தெரியாது. எரிச்சிட்டு என் தலையில போடுறா."

அம்மா அவனை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார். "பொம்பளப் புள்ளைக்கு மோட்டார் எதுக்குன்னு அன்னிக்கே சொன்னேன். ரிப்பேர் ஆனதும் அவன்கிட்டயே இருக்கட்டும். நீ கம்பெனி வேன்ல போ."

என் மோட்டார். என் சம்பளம். ஊரெல்லாம் சுற்றி ஆள் ஏற்றும் வேனில் பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். வண்டி கைவிட்டுப் போனதைவிட, அவன் சொன்ன பொய் வீட்டில் உண்மையாகிவிட்டதுதான் வயிற்றை எரித்தது. சித்தி வந்தாலும் பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்தாலும் அம்மா அதையேதான் சொன்னார். இவள்தான் கெடுத்தாள் என்று அவன் வாயால் சொன்னதை, இல்லை என்று அதே வாயால், அம்மா காது கேட்க அவன் சொல்லவேண்டும். எனக்கு அது போதும்.

ரிப்பேர் முடிந்து வண்டி வந்தது. "மறுபடி எரியாம இருக்க ஆயில் சூடு பாக்கிற மீட்டர் போட்டுத் தரேன்," என்றேன். அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்குப் புத்தி வந்துவிட்டதாக நினைத்திருப்பார்.

அந்த மீட்டரில் சிவப்பு நூற்று முப்பதில் தொடங்கும். காற்றுபட்டு ஆறுகிற இந்த மாதிரி எஞ்சினுக்கு, அதுவும் மலாக்கா வெயிலில், தொண்ணூறு நூறெல்லாம் சாதாரணம். வெள்ளிக்கிழமை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி வளையத்தை நெம்பி எடுத்து, தொண்ணூறிலிருந்தே சிவப்பு நகப்பூச்சை இழுத்துவிட்டேன். எண்களைத் தொடவில்லை. முள் உண்மையைத்தான் காட்டும். அண்ணன் எண்ணைப் படிக்கிற ஆள் இல்லை.

சனிக்கிழமை வாசலில் உட்கார்ந்து மாட்டினேன். எஞ்சின் பக்கத்தில் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்துவிட்டு, சூட்டை உணரும் கம்பி வைத்த மூடியை அதே இடத்தில் போடவேண்டும். வயரைப் புகைக்குழாயில் படாமல் சட்டத்தோடு சேர்த்துக் கட்டி மேலே ஹேண்டலுக்குக் கொண்டுவந்தேன். சாவி போட்டால் மட்டும் கரண்டு வருகிற வயரில் ஒரு நுனி, சட்டத்து போல்ட்டில் இன்னொரு நுனி. அண்ணன் நின்று பசியாறிக்கொண்டே, "பார்த்து, வீட்டையும் எரிச்சிடாதே," என்றான். நான் சிரித்தேன்.

"முள்ளு சிவப்புக்குப் போனா உடனே நிறுத்திடணும் அண்ணே. இல்லேன்னா எஞ்சின் காலி."

அம்மா வந்து மீட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொன்னார். அதற்கப்புறம் அண்ணனுக்கு அந்த மீட்டர் மேல் தனி மரியாதை வந்துவிட்டது. பொட்டு வைத்த பொருளைச் சந்தேகப்படுகிற குடும்பம் இல்லை எங்களுடையது.

மறுநாள் காலை உம்பாய்க்குக் கிளம்பினான். மத்தியானமே திரும்பியிருக்கவேண்டியவன், சாயங்காலம் வண்டியைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்குள் வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, முகம் வெந்துபோயிருந்தது. அவனைப் பார்க்கப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

அம்மா தண்ணீரோடு ஓடினார். "என்னாடா, மறுபடி ரோசாக்கா?"

"கெட்டுப்போகலம்மா. சூடு. கொஞ்ச தூரம் ஓட்டினா முள்ளு சிவப்புல நிக்குது. நிறுத்தி ஆறவச்சு, மறுபடி ஓட்டி, மறுபடி நிறுத்தி... கூட்டாளிங்கல்லாம் சிரிச்சிட்டு முன்னால போயிட்டானுங்க. டவுன் தாண்டி தள்ளிக்கிட்டேதான் வந்தேன்."

"மெதுவா ஓட்டிட்டே வந்திருக்கலாமேடா."

"எதுக்கு? போன தடவ உம்பாய்ல புகை வந்தப்ப அப்படி ஓட்டிட்டு வந்துதானே மறுநாளே ஜாம் ஆச்சு. இந்தத் தடவ நான் ஏமாறுவேனா?"

தன் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்கிற வேகத்தில் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைக்கவில்லை. அம்மாவுக்கு உறைத்தது. தண்ணீர்க் குவளையை நீட்டிய கை அப்படியே நின்றது.

"அண்ணே, இன்னொரு தடவ சொல்லுங்க," என்றேன்.

"எதை?"

"போன தடவ உம்பாய்ல என்னா வந்துச்சு?"

"புகை," என்றான். அப்புறம்தான் வாய் நின்றது.

"அதுக்கப்புறமும் யாரு ஓட்டிட்டு வந்தா?"

அம்மாவைப் பார்த்தான். அம்மா காப்பாற்றவில்லை. நானும் நகரவில்லை.

"நான்தான்," என்றான், தரையைப் பார்த்து.

அம்மா சாவியை வண்டியிலிருந்து உருவி என் கையில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "தேத்தண்ணி ஆறுது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை வரும் என்று வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். வரவில்லை.

அந்தச் சிவப்பு யார் பூசியது என்று அம்மாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லியிருந்தால், அன்றைக்கே சொல்லியிருப்பேன்.