துணி அவித்த கொப்பரையில் இஞ்சி பியர்

இஞ்சி பியர் காய்ச்சி விற்கிற தொழிலில் இஞ்சித் தோல் சீவுவதுதான் இலேசான வேலை. மற்றதெல்லாம் காத்திருப்பதும் பயப்படுவதும். கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அச்சாறோ கேக்கோ செய்து விற்கிற சகோதரிகளுக்குக் காத்திருப்பது விளங்கும். பயம், இந்தக் காலத்தில் கண்டிப் பக்கம் தமிழ்ப் பெயரோடு வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

கொப்பரை வந்த விதம்

முன்பு நான் ஒரு நேர்சரியில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கொழும்பில் எங்கேயாவது குண்டு வெடித்தால், இங்கே கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்குவார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தால், மற்றவர்கள் ஏறிப் போன பிறகும் நிற்க வேண்டும். பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஒரு நாள் வெயிலில் அப்படி நின்றதோடு வேலையை விட்டேன். ஆனால் பால்மா வாங்க வேண்டுமே. கொன்வென்டில் ஹோம் சயன்ஸ் படிப்பித்த சிஸ்டர், நத்தாருக்கு இஞ்சி பியர் செய்யக் காட்டித் தந்திருந்தார். கையில் இருந்த வித்தை அது ஒன்றுதான்.

பெரிய பாத்திரம் தேடி, பாலத்தடியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் நசீர் நானாவிடம் போனேன். புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்து பங்களாவின் சாமான்களோடு வந்தது என்று ஒன்றைக் காட்டினார். என் இடுப்பளவு உயரம், உருண்டையான செம்புக் கொப்பரை. அடியில் கரண்டில் சூடேறும் கம்பிச் சுருள், முன்னால் சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். துரைமார் காலத்தில் துணி அவித்தது. இஞ்சி பியருக்கு என்று நான் சொன்னதும் நானா என்னையும் கொப்பரையையும் மாறி மாறிப் பார்த்தார். "தங்கச்சி, இதுக்குள்ள எத்தின தொரமார்ட காச்சட்ட அவிஞ்சீக்கும் தெரியுமா? நல்லாக் கழுவிட்டு காச்சுங்க. எனக்கு மட்டும் வேற சட்டீல காச்சித் தாங்க."

முதற் கொப்பரை

தேசிக்காயும் உப்பும் போட்டு, விரல் நுனி எரியும்வரை தேய்த்தேன். மூன்று முறை வெறுந்தண்ணீர் கொதிக்க வைத்து ஊற்றினேன். அதற்குப் பிறகும் பழைய செம்பு தன் குணத்தை விடவில்லை. இஞ்சியும் சீனியும் தேசிக்காய்த் தோலும் கொதித்து வந்தபோது சவர்க்காரம் மணத்தது. விளிம்பில் பச்சையாக ஏதோ படிந்திருந்தது. வாசனைக்குப் போட்ட கராம்பில் அது அடிபட்டுப் போகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, ஒரு போத்தலை நானாவிடம் கொண்டு போனேன்.

நானா ஒரு வாய் எடுத்தார். எடுத்த வேகத்தில் கடைக்கு முன்னால் இருந்த கானுக்குள் துப்பினார். கோபமே இல்லை. துணித் துண்டால் வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "வாய்க்குள்ள உடுப்புத் தோச்ச மாதிரி ஈக்கிது, தங்கச்சி. இன்னம் கொஞ்சம் நீலமும் போட்டீந்தா பல்லும் வெளுத்தீக்கும்."

கம்பளிச் சூடு

துப்பிய மனிதரே மறுநாள் சாமான்களோடு வந்து இறங்கினார். புளிப்புப் பட்டால் செம்பு விஷமாகும் என்று உட்புறம் முழுவதும் ஈயம் பூசினார். அடியோடு ஒட்டியிருந்த பழைய குழாயை அடைத்துவிட்டு, மண்டி வராதபடி கொஞ்சம் மேலே பித்தளைக் குழாய் வைத்தார். வடிகட்டுவதற்கு நான் இடியப்பத் தட்டு ஒன்றை உள்ளே கவிழ்த்து வைத்தேன். அப்படித்தான் துணிக் கொப்பரை பியர்க் கொப்பரையாயிற்று.

குமிழை மட்டும் ஒருவரும் மாற்றவில்லை. அதைச் சுற்றி இங்கிலீஷில் துணிகளின் பெயர்கள் இருந்தன. இஞ்சி கொதிக்க, குமிழின் முள்ளை 'வைட்ஸ்' என்ற வெள்ளைத் துணிக்கான இடத்தில் வைப்பேன். ஆற விட்டு 'வுல்லன்ஸ்' என்ற இடத்துக்குத் திருப்பி, ஈஸ்டைக் கரைத்து ஊற்றி மூடிவிடுவேன். கம்பளி சுருங்காத சூட்டில் ஈஸ்டும் சாகாது என்பது என் கணக்கு. என் கணவர் பருத்தித்துறைக்காரர், பேராதனையில் ஒரு லாப்பில் வேலை. என் கணக்கை நம்பாமல் தேர்மோமீற்றர் கொண்டு வந்து அமிழ்த்திப் பார்த்தார். உதறிவிட்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஓமப்பா, சரியாத்தான் இருக்கு. எங்கட லாப்பில இருக்கிற மெஷின் இவ்வளவு சொல்லு கேக்காது. ஆரிட்டயும் சொல்லிப்போடாதையும்."

குசுமா அக்காவின் வேலி

போத்தலில் அடைக்கும்போது ஒவ்வொன்றிலும் முந்திரிகை வற்றல், அதாவது காய்ந்த திராட்சை ஒன்று, போட வேண்டும். அது முதலில் அடியில் கிடக்கும். மிதந்து மேலே வந்தால் பியர் தயார். தக்கையை மட்டும் இறுக்கவே கூடாது, காற்றுப் போக இடம் விட வேண்டும் என்று சிஸ்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆகையால் மதிய வெயில் ஏறினால் எங்கள் பின்னறையில் தக்கைகள் 'டொப், டொப்' என்று தகரக் கூரையில் போய் அடிக்கும்.

பக்கத்து வீட்டுக் குசுமா அக்கா சிங்களப் பெண். ஒரே மகன் ஆமியில், வடக்கில் நிற்கிறான். மத்தியானச் செய்திக்கு றேடியோவின் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். முதல் தக்கை பறந்த நாளில் அகப்பைக் கையோடு ஓடி வந்தார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன். வேலிக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றோம். அவருக்கு மகனின் நினைப்பு, எனக்குப் புருஷனின் நினைப்பு. தக்கை என்று தெரிந்ததும் சிரித்தோம். அவர் அகப்பையால் என் பின்னறையைக் காட்டினார். தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரிச் சிங்களத்தில் சொன்னார்: "நங்கி, என்னுடைய மகன் வீடு வந்து சேரும்வரைக்கும் உன்னுடைய போத்தல்களை வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லு."

வாயைக் கட்டினேன்

அவர் பகிடியாகச் சொன்னதை நான் அப்படியே செய்தேன். அவருக்காக என்று பாதி, எனக்காக என்று பாதி. சத்தம் கேட்டு யாராவது பொலிசுக்குச் சொன்னால், கொண்டு போவது என்னையல்ல, என் கணவரைத்தான். கட்டுக்கம்பி வாங்கி ஒவ்வொரு தக்கைக்கும் மேலாகக் குறுக்கும் நெடுக்கும் இழுத்து முறுக்கினேன். வீடு அமைதியாயிற்று. அத்தனை நாளுக்குப் பிறகு பிள்ளைகூட மதியம் நிம்மதியாகத் தூங்கியது.

சனிக்கிழமை மத்தியானம் தக்கைக்குப் பதிலாகப் போத்தலே வெடித்தது. ஒன்றின் துண்டு பட்டு அடுத்தது, அது பட்டு அடுத்தது. பிள்ளையை ஏணையிலிருந்து இழுத்தெடுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் கிடந்தேன். ஓய்ந்த பிறகு எழும்பிப் பார்த்தால் சுவரெல்லாம் கண்ணாடி, வீடெல்லாம் இஞ்சி மணம், வாசலில் பொலிஸ் ஜீப். சார்ஜன்ட் செம்புக் கொப்பரையைச் சுற்றி வந்தார். கரண்ட் வயரைப் பார்த்தார், குமிழைப் பார்த்தார். நான் கொன்வென்ட் இங்கிலீஷில் தொடங்கி, சிங்களத்துக்குத் தாவி, இரண்டும் சிக்கி நின்றேன். "ஜிஞ்சர் பியர், சேர், குடிக்கிறது." அவர் மிச்சமிருந்த கட்டுக்கம்பிச் சுருளைத் தூக்கிப் பிடித்தார். அன்று வீட்டில் நின்ற என் கணவரைச் செருப்புப் போடவும் விடாமல் ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறுவதற்கு முன் சார்ஜன்ட் என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "குடிக்கிற சாமானுக்கு எதற்கு இவ்வளவு கம்பி?"

பொலிஸ் வாங்கில்

விடிந்ததும் படலையில் குசுமா அக்கா, பௌத்தப் பன்சலைக்குக் கும்பிடப் போகிற வெள்ளைச் சேலையோடு நின்றார். "போன் பண்ணினது நான்தான், நங்கி" என்றார். "சத்தம் கேட்டதும் மகன் செத்த மாதிரி இருந்தது. கை தானாகப் போய்விட்டது." கோபப்பட எனக்குத் தெம்பு இல்லை. வெடிக்காத போத்தல் ஏதாவது மிச்சம் உண்டா என்று கேட்டார். அலுமாரிக்குக் கீழே உருண்டு கிடந்தது ஒன்று. அதை ஈரத் துணிகளில் சுற்றிக் கொடுத்தேன். பஸ்ஸில் எனது மடியில் பிள்ளை, அவரது மடியில் போத்தல். எது எப்போது கத்தப்போகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

வாங்கில் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்த பிறகு இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். விஷயம் மேலிடத்துக்குப் போக வேண்டும், இனித் தன் கையில் இல்லை என்றார். மேலிடத்துக்குப் போனவர்கள் திரும்பி வர எவ்வளவு காலம் செல்லும் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். எனக்கு அழுகையும் வரவில்லை. குசுமா அக்கா போத்தலை மேசையில் வைத்துக் கம்பியை முறுக்கி எடுத்தார். தக்கை சீலிங்கில் போய் அடித்தது. கதவடியில் நின்ற கொஸ்தாப்பல் குந்திவிட்டார். இன்ஸ்பெக்டரின் கை இடுப்புத் துவக்குக்குப் போய் நின்றது. நுரை மேசை முழுவதும் வழிந்தது. குசுமா அக்கா வெள்ளைச் சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பார்த்தீர்களா மாத்தயா, துவக்கு வைத்திருக்கிற நீங்களே பயந்துவிட்டீர்கள். நேற்று நானும் இப்படித்தான் பயந்தேன். பயந்தது நான், இவளுடைய புருஷனை ஏன் அடைத்து வைத்திருக்கிறீர்கள்?"

இடமாற்றம்

பின்னேரம் என் கணவரை விட்டார்கள். வெறுங்காலோடு வந்தார். ஒரு காது இரைகிறது என்றார். நான் மற்றக் காதுப் பக்கம் போய் உட்கார்ந்து சோறு போட்டேன்.

கொப்பரையைத் திருப்பிக் கொடுத்துவிடுவதென்று முடிவெடுத்தேன். நசீர் நானா கை வண்டியோடு வந்தார். ஏற்றி முடிகிற நேரத்தில் வேலியை விலக்கிக்கொண்டு குசுமா அக்கா வந்து, வண்டியைத் தன் குசினிப் பக்கம் திருப்பச் சொன்னார். நானா என்னைப் பார்த்தார். நான், "அக்கே, உங்களுக்குத்தான் சத்தம் ஆகாதே" என்றேன். அவர் கொப்பரையின் ஒரு காதைத் தானே பிடித்துக்கொண்டு சொன்னார்: "என் குசினியில் இருந்தால் அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். உன் வீட்டில் வெடித்தால் அது குண்டு, நங்கி. என் வீட்டில் வெடித்தால் வெறும் போத்தல்."

இப்போது அவர் குசினியில் இரண்டு பேருமாகக் காய்ச்சுகிறோம். இந்தத் தொழிலில் நான் கண்ட முன்னேற்றம் இதுதான்: வேலிக்கு அந்தப் பக்கம் 'டொப்' என்று கேட்டால் முதலில் பிள்ளையோடு கட்டிலுக்கடியில் போகிறேன், பிறகு வெளியே வந்து, நல்ல பியர் ஒரு போத்தல் வீணாய்ப் போயிற்றே என்று கவலைப்படுகிறேன்.